துரைக்குப் பால்சுறா

முனியன் அன்றைக்கும் காசை வாங்கவில்லை. கப்பலின் மேல்தட்டிலிருந்து இறங்கிய கூடையில் இரண்டு பால்சுறாக் குட்டிகளைப் போட்டான். கூடையோடு வந்த காசை அப்படியே மேலே திருப்பி அனுப்பினான்.

மேலே நின்றிருந்த தெய்வசிகாமணிக்குப் புல்லரித்தது. அவர் பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துத் துரைமாருக்குத் துபாஷி. துரை தும்மினால் அதையும் தமிழில் சொல்லக்கூடியவர் என்று ஊரில் பேச்சு. அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

பார்த்தீர்களா, காசு வேண்டாமாம், விசுவாசம் என்றால் இதுதான் என்று பக்கத்தில் நின்ற பெரிய துரையிடம் அவர் பாஷையில் சொன்னார். துரை மூக்கைப் பொத்திக்கொண்டார். சமையல்காரன் வழக்கம்போல மீனைக் கீழ்த்தட்டுக்குக் கொண்டுபோனான்.

கோடை தொடங்கிக் கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டதிலிருந்து இதே கதைதான். வஞ்சிரம் துள்ளும் காலம். மற்றவர்கள் கூட்டாக வலையோடு போக, கோரைக்குப்பத்து முனியன் மட்டும் ஒற்றையாள் கட்டுமரத்தில் மண்டிபோட்டுத் துடுப்புப் போட்டுக்கொண்டு, தூண்டிலோடு தனியாகப் போனான். வஞ்சிரம் மாட்டினால் பக்கத்து மரத்துக்காரனிடம் வீசிவிட்டு, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற ஆக்கிப்போடும் பால்சுறாவுக்காக வெயிலில் வெந்து கிடந்தான்.

துரைமார் அந்த மீனைத் தொடுவதில்லை, கீழேதான் போகிறது என்று சமையல்காரன் ஒருநாள் கத்தியே சொல்லிவிட்டான். அப்போதும் முனியன் மீனை மாற்றவில்லை. கொடுத்த பிறகும் சட்டென்று போகமாட்டான். கப்பலை ஒட்டி மரத்தை நிறுத்தி, கப்பலின் பலகையில் தலையைச் சாய்த்தபடி வெகுநேரம் கிடப்பான்.

கப்பலையே சாமியாகக் கும்பிடுகிறான் என்று துபாஷி அதற்கு அர்த்தம் சொன்னார். குப்பத்தில் விசாரித்தபோது பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு கிழவன் காறித் துப்பினான். பொறாமை என்று அதற்கும் அர்த்தம் இருந்தது.

தெய்வசிகாமணிக்கு வேண்டியது ஒரு பல்லக்கு. கோட்டையின் இன்னொரு துபாஷியான கங்காதரன் தை மாதமே பல்லக்கில் ஏறிவிட்டார். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

கரையோர ஜனங்கள் தங்களைக் கண்டால் ஏன் ஓடுகிறார்கள் என்று பெரிய துரைக்கு ஒரு கவலை. ஓடவில்லை, உருகுகிறார்கள் என்று காட்டிவிட்டால் பல்லக்கு வீடு தேடி வரும். காட்டுவதற்கு முனியனை விட்டால் வேறு ஆளில்லை.

நாளைக்குக் கப்பல் புறப்படுகிறது. பஞ்சத்தின் தயவில் சரக்கு மலிவாகக் கிடைத்து கீழ்த்தட்டு முட்ட நிறைந்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் துபாஷியே ஊர் ஊராக ஆள் விட்டுப் பிடித்துக் கொடுத்தது. அதனால்தான் இன்றைக்கே துரையைப் படகில் ஏற்றி அழைத்து வந்திருந்தார். வழியெல்லாம் துபாஷி வாந்தி எடுத்தார் என்றாலும் சரிகைத் தலைப்பாகை கலையவில்லை.

"டேய் முனியா, ஏறி வாடா. துரை உனக்கு மரியாதை பண்ணப் போறாரு."

முனியன் கயிற்றேணியில் ஏறி வந்தான். இடுப்பில் கோவணம், உடம்பெல்லாம் உப்பு. தோலுக்குள்ளே விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. துரையை அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. காலுக்கடியில் இருந்த பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான். பணிவு என்று துபாஷி மொழிபெயர்த்தார்.

துரை நாலு வார்த்தை பேசினார். துபாஷி அதைப் பிரசங்கமாக்கினார். கடைசியில் குனிந்து அவன் காதருகே சொன்னார்.

"இன்னா வேணும்னு கேக்குறாரு. தலப்பாத் துணி கேளு. புது மரம் கேளு. நான் வாங்கிக் குடுக்கறேன்."

முனியன் தலையை ஆட்டினான்.

"வேணாமா? இன்னாடா ஆளு நீ? அப்பறம் குப்பத்துல போயி, துரை வெறுங்கையோட அனுப்பிட்டாருன்னு சொல்லிக்கினு திரியாத."

"கப்பலு நாளைக்குப் போவுதாமே சாமி."

"ஆமாண்டா, பத்தாவியாவுக்கு. அங்க போனது திரும்பி வர மாசக்கணக்கா ஆவும். அதுக்கு இன்னா இப்போ?"

"நானும் வரேன்."

துபாஷிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு சாட்சியத்தை அவரே எழுதிக் கொடுத்திருந்தாலும் இத்தனை பொருத்தமாக வந்திருக்காது. பிரிவைத் தாங்க மாட்டானாம், தங்களோடு கடல் கடந்தே வருவானாம் என்று நடுங்கும் குரலில் துரையிடம் சொன்னார்.

துரையின் முகம் மலர்ந்தது. துபாஷியின் தோளைத் தட்டி, உமக்குப் பல்லக்கு உண்டு என்றார். எத்தனையோ மாதமாகக் காத்திருந்த சொல். தெய்வசிகாமணிக்கு அந்த நிமிஷத்தில் உலகத்தில் எல்லோர் மீதும் அன்பு வந்தது. முனியனின் உப்புத் தோளைக்கூடத் தொட்டார்.

"உனுக்கு நல்ல காலம்டா. மேல்தட்டுலயே வேல போட்டுத் தராங்களாம். பாய் கட்றியா, சமையக்கட்டுல இருக்கியா?"

முனியன் முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

"மேல வேணாம் சாமி. எம் பொஞ்சாதியயும் பச்சக் கொழந்தயயும் வாங்கிக் கீழ போட்டுக்கீறீங்களே, என்னையும் வாங்கிக்கோங்க."