விற்பனைக்கு ஒரு கழுத்து

ஸ்கேன் மெஷின் விற்கும் அவனுக்குத் தன் கழுத்துதான் கடை. எந்த டாக்டரிடம் போனாலும் சட்டைப் பட்டனைக் கழற்றி, ஜெல்லை அப்பிக்கொண்டு நீட்டிவிடுவான்.

"பழைய மாடல் எல்லாம் மங்கல் சார். இது புதுசு, கடுகு அளவு இருந்தாலும் காட்டிடும்."

இந்த டாக்டர் திரையைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார். "என்னய்யா, தைராய்டுல வெள்ளை வெள்ளையா புள்ளி தெரியுது?"

விலையைக் குறைக்க அடிபோடுகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

"ஜெல் காஞ்சிருக்கும் சார்." இன்னும் கொஞ்சம் அப்பிக்கொண்டான்.

"பக்கத்துல நெறிக்கட்டி வேற உருண்டு உருண்டு நிக்குது."

"மெஷினைக் குறை சொல்லாதீங்க சார். இது பொய்யே சொல்லாது. வேணும்னா உங்க கழுத்துல வச்சுப் பாருங்க."

டாக்டர் வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளிகூட இல்லாமல் படம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. நர்ஸ் கழுத்திலும் அப்படியே.

"பார்த்தீங்களா? மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"இல்லதான். நான் வாங்கிக்கறேன். நீங்க உட்காருங்க."

வாய்யா போய்யா என்று பேசியவர் திடீரென்று 'நீங்க' போட்டதில் அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

"கூட யாராவது வந்திருக்காங்களா?" என்றார் டாக்டர். "தைராய்டு கேன்சர் மாதிரி தெரியுது. கழுத்து நெறிக்கட்டிக்கும் பரவியிருக்கு போல. ஊசி குத்திப் பார்த்துத்தான் உறுதியாச் சொல்ல முடியும். பயப்படாதீங்க, பெரும்பாலும் ஆபரேஷன்ல குணமாகிடும்."

அவன் மெஷினையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, பேரம் பேசும் குரலில் மெல்லக் கேட்டான்.

"சார், மெஷின்ல கோளாறுன்னே வச்சுக்கலாமா?"