சகாயராஜின் விரல்

உலகக் கணினித் துப்பாக்கிச் சண்டைப் போட்டியின் சென்னைத் தகுதிச்சுற்றில் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, நடுவர் பெண் சகாயராஜிடம் வந்தாள்.

“ஒவ்வொருத்தனையும் சுட்டதும், குண்டு மிச்சமிருந்தாலும் ரீலோட் பண்றீங்க. அது சகாயராஜோட ஸ்டைல். காப்பியடிக்கக் கூடாது சார்.”

“நான்தாம்மா சகாயராஜ்.”

“தெரியும். அந்த ஸ்டைலோட உரிமையைத்தான் உங்க பழைய டீமுக்கு எழுதிக் குடுத்துட்டீங்களே. இப்ப அதை அவங்க மெஷின் ஆடுது. நீங்க வேற மாதிரி ஆடுங்க.”

பதினாலு வயதில், குண்டு தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம் அது. எத்தனையோ கோச்சுகள் திட்டியும் போகவில்லை. இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, ரீலோட் பட்டனைத் தட்டப்போன விரலை அடக்கினான். விரலையே கவனித்ததில், திரையில் எதிரி வரும் வாசலைக் கோட்டைவிட்டான். கத்துக்குட்டி ஒருவன் உள்ளே புகுந்து அவனைச் சுட்டுத்தள்ளினான்.

தோற்று வெளியே போகும் வழியில், பெரிய திரையில் அந்த மெஷின் ஆடிக்கொண்டிருந்தது. ஒருவனைச் சுட்டது. தேவையே இல்லாமல் ரீலோட் செய்தது. “சகாயா! சகாயா!” என்று கூட்டம் கூரை பிய்ந்துபோகக் கத்தியது.

அவன் விரலும் தன்னையறியாமல் தொடையில் ஒரு தட்டுத் தட்டியது. வாசல் காவலாளி திரும்பிப் பார்த்தார். திருடிய பொருளை ஒளிப்பவனைப் போலச் சகாயராஜ் கையைப் பேன்ட் பைக்குள் செருகிக்கொண்டான்.