சகலையும் நூத்தி எண்பது சிப்பாய்களும்

"தம்பி, தாராளமா அடிங்க. மழைக்கும் வார்னிஷுக்கும் என்ன சம்பந்தம்?"

போன்ல இப்படிச் சொல்லும்போது என் நாக்கு கூசவே இல்லை.

சொன்னது என் சகலைகிட்டே. என் மனைவியோட தங்கச்சி வீட்டுக்காரர், பல் டாக்டர். நேர்ல பேசும்போது 'வாங்க, போங்க'தான். மனசுக்குள்ள 'அவன், இவன்'தான்.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். விரல் கணு உயரத்துக்கு உலோகச் சிப்பாய்களை வாங்கி, பெயிண்ட் அடிச்சு, படை படையா மேஜையில நிறுத்திச் சண்டை விளையாடுறது. பதினேழாம் நூற்றாண்டு முடியுற காலத்து ஐரோப்பியப் படைகள். நீளக் கோட்டு, அகலத் தொப்பி, முக்கால்வாசிப் பேர் கையில துப்பாக்கி, மீதிப் பேர் கையில ஈட்டி. கோட்டோட கைமடிப்பு நிறத்தை வச்சுத்தான் எந்த ரெஜிமென்ட்டுன்னு கண்டுபிடிக்கணும்.

அவன் பிறந்தநாளுக்கு முதல் டப்பா சிப்பாய்களை வாங்கிக் கொடுத்ததே நான்தான். யாரைச் சொல்லி நோக? பல்லு நோண்டிப் பழகின கையாச்சே! கடுகளவு முகத்துல கண்ணு, மீசை, மீசையில நரை வரைக்கும் வரைஞ்சுடுவான். எங்க கிளப் நடத்துற பெயிண்ட் போட்டியில ரெண்டு வருஷமா கப்பு அவனுக்கு. எனக்குக் கைதட்டுற வேலை.

மாமியார் வேற, "சின்ன மாப்பிள்ளைக்கு என்ன கை பாருங்க!"ன்னு என்கிட்டேயே சொல்லுவாங்க. வயிறு எரியாம என்ன பண்ணும்?

இந்த வருஷம் விடறதில்லைன்னு பதினோரு மாசம் உட்கார்ந்து நூத்தி எண்பது சிப்பாய்களுக்குப் பெயிண்ட் அடிச்சேன். சாம்பல் கோட்டு, நீலக் கைமடிப்பு. பாக்கி இருந்தது அடித்தட்டு வேலை மட்டும்தான். ஆறாறு பேரா மரத்தட்டுல நிறுத்தி, மண்ணும் புல்லும் ஒட்டி, கடைசியா வார்னிஷ் அடிக்கணும். அது முடியாத படையைப் போட்டியில சேர்க்க மாட்டாங்க. அதுக்குன்னே ஒரு வாரம் லீவு சொல்லி வச்சிருந்தேன்.

என் நேரம், வெளியூர்ல ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னு போச்சு. நான் லிஃப்ட் மெக்கானிக். "நீ போனாத்தான் ஆகும்"னு மேனேஜர் ஒரே பிடி. லீவும் போச்சு, போட்டியும் போச்சு.

அங்கே லிஃப்ட் கூரை மேல கிரீஸும் கையுமா நிக்கும்போதுதான் சகலை போன் பண்ணினான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். நான் எப்பவும் பிரஷ்ஷாலதான் வார்னிஷ் பூசுவேன். இந்தத் தடவை நேரமே இல்லை, ஸ்ப்ரே டப்பாவால அடிச்சாத்தான் முடியும். இங்கே ரெண்டு நாளா விடாத மழை. இன்னைக்கு அடிக்கலாமா? படைக்கு ஒண்ணும் ஆகாதே?"

ஆகும். ஈரக்காத்துல ஸ்ப்ரே வார்னிஷ் அடிச்சா, உப்புப் பூத்த சுவர் மாதிரி மேலெல்லாம் வெள்ளை பூத்துடும். மூணு வருஷத்துக்கு முன்னாடி என் குதிரைப்படை ஒண்ணு அப்படித்தான் போச்சு. வெளியில யார்கிட்டேயும் மூச்சு விடலை.

எனக்கு இல்லாத கப்பு அவனுக்கும் வேண்டாம். அவ்வளவுதான் தோணிச்சு. அடிங்கன்னு சொல்லிட்டேன்.

"நீங்க சொன்னா சரிதான் அண்ணே"ன்னு போனை வச்சுட்டான்.

போட்டி அன்னைக்குக் காலையில லிஃப்ட் வேலை முடிஞ்சுது. வீட்டுக்குக்கூடப் போகலை. பஸ்ஸை விட்டு இறங்கி நேரா கிளப்புக்குத்தான் போனேன். அவன் முகம் சுண்டிப் போறதைக் கண்ணாரப் பார்க்கணுமே!

ஹால் கோடியில ஒரு மேஜையைச் சுத்திக் கூட்டம்.

"அட கடவுளே, எவ்வளவு உழைப்பு!"

"மொத்தமும் வெள்ளையாப் பூத்துப் போச்சேப்பா!"

எனக்குள்ளே ஜிவ்வுன்னு ஒரு சந்தோஷம். முகத்தை மட்டும் சோகமா மாத்திக்கிட்டு, "என்னாச்சு, என்னாச்சு?"ன்னு கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போனேன்.

சகலை தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னான். பக்கத்துல என் மனைவி கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தா. இவ எதுக்கு அழறான்னு குழம்பிப் போய் மேஜையைப் பார்த்தேன்.

வெள்ளைப் படலத்துக்கு அடியில மங்கலாத் தெரிஞ்சுது. சாம்பல் கோட்டு. நீலக் கைமடிப்பு.

"என்னங்க, அவரைத் திட்டாதீங்க" என் மனைவி விசும்பினா. "பதினோரு மாசம் நீங்க பட்ட பாடு வீணாகுதேன்னு நான்தான் பெட்டியைத் தங்கச்சி வீட்டுல கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயிண்ட் உங்க கையால அடிச்சதா இருந்தாப் போதும், அடித்தட்டை யார் செஞ்சாலும் விதிப்படி சரிதானாம். சொன்னா, என் படையை எவனும் தொடக்கூடாதுன்னு குதிப்பீங்க. அதான் மறைச்சோம்."

முப்பது தட்டு. ஒவ்வொண்ணுலயும் மண்ணு, பொடிக்கல்லு, சேறு மிதிச்ச தடம், கொத்துக் கொத்தாப் புல்லு. அவ்வளவு நேர்த்தியா எனக்கே ஒட்ட வராது.

"மன்னிச்சுடுங்க அண்ணே. நான்தான் டப்பாவைச் சரியாக் குலுக்கலை போலிருக்கு"ன்னான் சகலை. அப்பக்கூட என் மேல சந்தேகமே வரலை.

எதையாவது பேசணுமேன்னு, "உங்க படை எந்த மேஜையில தம்பி?"ன்னு கேட்டேன்.

"என்னோடது எங்கே அண்ணே முடிஞ்சுது? ஒரு வாரமும் உங்களோடதுக்கே சரியாப் போச்சு. இந்த வருஷமாவது கப்பு உங்களுக்கு வரணும்னு நினைச்சேன்."