பொய்க்கு ஒரு மெட்டு

வீடுகள் தமக்குள் நடப்பதைக் கேட்டுத் தாமே பின்னணி இசை போடத் தொடங்கிய பிறகு முகிலனின் பிழைப்பு சூடுபிடித்தது. வீடுகள் இசை எடுக்கும் களஞ்சியம் ஒன்றுக்குச் சின்னச் சின்ன மெட்டுகள் செய்து அனுப்பினான். பால் பொங்கினால் ஒன்று, விருந்தாளி வந்தால் ஒன்று. யாராவது பொய் சொன்னால் ஒலிக்கும் மெட்டுதான் எல்லா வீட்டிலும் பிரபலம்.

ஈரோட்டுக்குப் பெண் பார்க்கப் போனான். பெண் பூவிழி கேசரி கொடுத்தாள்.

"கேசரி பிரமாதமுங்க" என்றான்.

உடனே கூரையிலிருந்து அவனுடைய பொய் மெட்டே தவிலோடு முழங்கியது. பூவிழி களுக்கென்று சிரித்தாள். அவள் அப்பா முறைத்தார்.

"மன்னிச்சுக்கங்க. இந்த மெட்டு நான் போட்டதுதானுங்க."

"அட, நீங்கதானா அது! பஜ்ஜி திங்கலைன்னு சொன்னாக்கூட எம் பொண்டாட்டிகிட்டப் புடிச்சுக் குடுத்துருதுங்க!"

காரியம் கெட்டதென்று முகிலன் எழுந்தான்.

"இருங்க" என்றாள் பூவிழி. "என்னையப் புடிச்சிருக்குதுங்களா?"

"புடிச்சிருக்குதுங்க."

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். சத்தமே இல்லை. பூவிழியின் அம்மாவுக்குச் சந்தேகம். எழுந்துபோய் ஒலியை முழுசாகக் கூட்டிவிட்டு, "இன்னொருக்கா சொல்லுங்க தம்பி" என்றார்.

முகிலன் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். வீடு வாயைத் திறக்கவில்லை.