பாலத்துக்காக வந்தவள்

அமெரிக்காவின் மிசூரியில் ஒரு சிற்றூரின் பழைய இரும்புப் பாலத்தை இடிப்பதென்று ஊர் மன்றம் முடிவெடுத்துவிட்டது. எதிர்ப்பவர்களுக்குப் பதில் சொல்லியே தலைவர் டெல்மருக்கு அலுத்துப்போனது. அன்று மன்றக் கூட்டத்தில் நனைந்த கோட்டோடு இன்னொருத்தி வந்து நின்றாள். பெயர் லொரீன் என்றாள்.

“பாலத்தை இடிக்காதீங்க, சார்.”

“உங்க தாத்தா கட்டினதாம்மா?”

“இல்லை.”

“அப்போ உங்க வீட்டுக்காரர் அதுமேல நின்னுதான் காதலைச் சொன்னாராக்கும்?”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“நான் இந்த ஊரே இல்லை, சார். காலையில வெள்ளத்துல கிரேன் ஏத்தின ஒரு படகு சங்கிலி அறுந்து அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. உள்ளே ஆறு பேர். நேரா அணைக்கட்டுல போய் விழ வேண்டியதை உங்க பாலம்தான் மறிச்சு நிறுத்துச்சு. அதோட கம்பியைப் பிடிச்சு ஏறித்தான் அத்தனை பேரும் தப்பிச்சாங்க. படகு மோதின அந்த அடிக்கும் நூறு வருஷத்துப் பாலம் அசையக்கூட இல்லை.”

டெல்மரின் குரல் இறங்கியது. “யாரோட ஆளுங்கம்மா?”

“என் ஆளுங்க. பாலத்தை இடிக்கிற கான்ட்ராக்டைக் கம்பெனி பேர்ல எடுத்தது நான்தான். அந்தக் கிரேனையே அதுக்காகத்தான் கொண்டுவந்தேன். இனி என் ஆளுங்க யாரும் அதுமேல சம்மட்டி வைக்கமாட்டாங்க. வேற ஆளைப் பாத்துக்குங்க.”

டெல்மர் வேறு ஆளைத் தேடவில்லை. மறுபடி வாக்கெடுத்தபோது, பாலம் இருக்கட்டும் என்று முதலில் கை தூக்கியவர் அவர்தான்.