முக அகலம்

"உங்க வீட்டுக்காரருக்கு முகம் அகலமா, ஒடுக்கமா?" என்று டாக்டர் ஞானசிகாமணி கேட்டார்.

நாகலக்ஷ்மி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

கரமனை ஆற்றில் மணல் அள்ளியவர்கள் எடுத்துக் கொடுத்த மண்டையோடு மேசைமேல் இருந்தது. கீழ்த்தாடை இல்லை. அந்தப் பக்கத்தில் காணாமல் போனவன் அவள் கணவன் ஒருவன்தான். ஏழு வருஷமாயிற்று.

டாக்டர் காலிப்பரின் வளைந்த கால்களை இரண்டு கன்ன எலும்புகளிலும் பதித்து மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் நூற்றிருபத்தைந்து மில்லிமீட்டர்.

"பட்டியல்ல ஆணுக்கு இதுக்கு மேலே, பெண்ணுக்கு இதுக்குக் கீழே. அதுவும் சீமைக்காரங்க மூஞ்சியை அளந்து போட்டது. நம்மளை யாரு அளந்தா? இது நடுவில நின்னு என்னைக் கேலி பண்ணுது. இது ஆணுன்னா நல்ல ஒடுங்கின முகம். அவரு அப்படியா? நீங்கதாம்மா சொல்லணும்."

ஆண் என்று எழுதினால் இன்றே காரியம் தொடங்கும். பத்தாம் நாள் நாவிதன் வந்து அவள் தலையை மழிப்பான். அவளுக்கு வயது இருபது.

கணவனின் அண்ணா நீலகண்டன்தான் அவளை அழைத்து வந்திருந்தார். மூத்தவர் எதிரில் அவள் வாய் திறக்கமாட்டாள் என்று வராந்தாவுக்குப் போய்விட்டார். போகும்போது, "தம்பிக்கு ஏழு வருஷமா ஒரு பிடி எள்ளும் தண்ணியும் விடலை டாக்டர்" என்றார்.

"அகலம்" என்றாள் நாகலக்ஷ்மி. "ரெண்டு கையாலே பிடிச்சாலும் அடங்காது."

டாக்டர் கூச்சத்தோடு பேனாவை மையில் தோய்த்தார்.

பதின்மூன்று வயதில் அவள் புக்ககம் வந்தாள். மூன்றாம் மாதம் அவன் காணாமல் போய்விட்டான். பரிமாறும்போது அவன் கை தெரியும். நடக்கும்போது குதிகால் தெரியும். ஒரு நாளும் அவள் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவன் முகத்தை நினைத்தால் ஒன்றுமே வராது.

டாக்டர் கூப்பிட, நீலகண்டன் உள்ளே வந்தார்.

"பெண் தலைதான். உங்க தம்பிக்கு நல்ல அகல முகமாமே."

நீலகண்டனின் காலடி அவள் எதிரே வந்து நின்றது.

பயத்தில் அவள் தலையைத் தூக்கினாள். ஒரே வீட்டில் ஏழு வருஷம் இருந்தும் அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

அண்ணாவும் தம்பியும் ஒரே அச்சு என்று தெருவே சொல்லும்.

இரண்டு பக்கமும் சீவி எடுத்ததுபோல ஒடுங்கிய முகம்.

அவர் மேசைமேல் இருந்ததை வெகுநேரம் பார்த்தார். அதைத் தொடக் கை நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்தார். நெற்றிக் குங்குமத்தை, இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னலை.

'என் தம்பி அல்ல' என்று எழுதிய காகிதத்தை டாக்டர் நீட்டினார்.

நீலகண்டன் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்.