சுற்றும், நிரப்பாது

காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அழைத்ததும் மெக்கானிக் பைக்கில் வந்து இறங்கினார்.

"சீக்கிரம் பாருங்கண்ணே, நான் ஊரைத் தாண்டியாகணும்," என்று பறந்தான் இளைஞன். பானெட்டைத் திறக்கும் பிடி எங்கே என்று அவன் தடவிக்கொண்டிருக்க, மெக்கானிக் கையை விட்டு ஒரே இழுப்பில் திறந்தார்.

"பேட்டரி காலி தம்பி. பேட்டரியை மொட்டைமாடித் தண்ணித்தொட்டின்னு வெச்சுக்குங்க. அதை நிரப்புற மோட்டார்தான் ஆல்டர்னேட்டர். என்ஜின் ஓட ஓட, பெல்ட் இதைச் சுத்த வைக்கும். இது கரண்ட் எடுத்து பேட்டரிக்கு அனுப்பணும். இங்க சுத்துது, ஆனா நிரப்பலை. தொட்டியில இருந்தவரைக்கும் வண்டி ஓடிச்சு, தீர்ந்ததும் நின்னுடுச்சு."

"பாடம் அப்புறம் நடத்துங்க. முதல்ல புதுசு போடுங்க."

"இதுவே புதுசுதான். போலி."

"எந்த மடையன் மாட்டினான்?"

"நான்தான். நாலு கடை ஏறி இறங்கி, டெஸ்ட் பண்ணிப் பார்த்து, கொஞ்சம்கூட கரண்ட் வராததா பொறுக்கி எடுத்தேன்."

இளைஞன் தலையில் அடித்துக்கொண்டான். "ஓட்டுறவன் நடுரோட்டுல நிப்பானேன்னு யோசிக்க வேணாமா? மனசாட்சி இருக்காண்ணே உங்களுக்கு?"

மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து அந்தக் காரின் சாவியை எடுத்தார்.

"நான் ஓட்டுறப்போ நல்லதை மாட்டிக்குவேன் தம்பி. வாசல்ல நிறுத்துறப்போ இதை மாட்டிடுவேன். நல்லதோடயே நிறுத்தின என்னோட பழைய கார் ரெண்டும் இன்னும் கிடைக்கலை."